உன் கணுக்கால் புண்ணும் என் வாயும்

பக்கத்து வீட்டுக்காரர் இன்று காலை கதவுக்குப் பெயிண்ட் அடித்தார். டர்பன்டைன் வாடை சுவரைத் தாண்டி வந்தது. பசியாறிக்கொண்டிருந்தவன் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டேன். மச்சான், நீ போய் ஏழு வருஷமாகிறது. அந்த வாடை வந்தால் எனக்கு இன்னும் நம் மாட்டுக் கொட்டகைதான் ஞாபகம் வருகிறது.

பிரிக்பீல்ட்ஸ் சூளைகளிலிருந்து செங்கல் ஏற்ற நமக்கு ஆளுக்கொரு மாட்டுவண்டி இருந்தது. என் தங்கை கல்யாணத்துக்காக நான் கிள்ளானில் ஒரு வாரம் தங்கியபோது, உன் மாடு நொண்டுகிறதென்று என் செவலையைப் பூட்டி ஓட்டினாய். நுகத்தடி உரசி அதன் கழுத்து புண்ணானதை நீ கவனிக்கவில்லை. நான் திரும்பி வந்து பார்த்தால் புண்ணுக்குள் புழு நெளிகிறது. கோபம் வந்தால் என் வாய் நிற்காது, உனக்குத் தெரியாததா? கொட்டகையில் அப்போது நம் இருவரைத் தவிர யாருமில்லை.

"என் மாட்டப் புழுக்க வச்சியே, நீயும் இப்படிப் புழுத்துத்தான்டா சாவே" என்றேன்.

நீ புண்ணில் டர்பன்டைனை ஊற்றி, தலைநீட்டிய புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தாய். வேப்பெண்ணெய் தடவினாய். சில நாளில் செவலை தேறிவிட்டது. நான்தான் உன்னோடு பேசாமல் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

உன் கணுக்காலில் வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டை கீறிய காயம் இருந்ததை நானும் பார்த்தேன். சின்னக் காயம்தான். கொட்டகை ஈ அதிலும் முட்டையிட்டிருக்கிறது. முதலில் அரிப்பு. அப்புறம் தோலுக்கடியில் ஏதோ ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு, விட்டுவிட்டு ஊசி குத்துகிற வலி. பிறகு வீங்கி நீர் வடிந்திருக்கிறது. இதெல்லாம் ஆஸ்பத்திரியில் நீ சொல்லித்தான் தெரியும். அதுவரை வேட்டியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் சுளுக்கு என்றாய். நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் அந்த நாற்றமாவது காட்டிக் கொடுத்திருக்கும்.

காய்ச்சலில் நீ வண்டியிலிருந்து சரிந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெஸர் கட்டைப் பிரித்துப் புழுக்களை எடுத்துக்கொண்டே உன்னைத் திட்டினார். "ஈ மொய்ச்சா புழு வைக்கும். இதுல மறைக்க என்னய்யா இருக்கு? நாலு நாள் முந்தி வந்திருந்தா மருந்து கட்டி நடக்க விட்டிருப்பேன்" என்றார். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதாம்.

அவர் நகர்ந்ததும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"நீ சொன்னது பலிச்சிருச்சுன்னு நெனச்சேன் மச்சான். சாபத்துக்கு ஏது மருந்துன்னு விட்டுட்டேன். எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிறாத. அவ உன்ன மன்னிக்க மாட்டா."

கோபத்தில் உளறியதுடா என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. மறுநாள் நீ இல்லை. சாபம் விட எனக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு நாள் முழுக்கப் போதவில்லை.

உன் திதிக்கு வருஷா வருஷம் என்னைத்தான் முதல் பந்தியில் உட்கார வைக்கிறாள் உன் மனைவி. கூடப்பிறந்தவனைப் போல நடத்துகிறாள். போன மாதம் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, மாட்டுக்கெல்லாம் வைத்தியம் பாத்த மனுசன், தன் கால ஏன் மறைச்சாரு? புழுவப் பாத்தா நான் அருவருப்பேன்னு நெனச்சிட்டாரா? நான் அப்படியா அவருகிட்ட நடந்துக்கிட்டேன்?"

ஏழு வருஷமாக அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள், மச்சான். நீ கேட்டுக்கொண்டதற்காக வாயை மூடினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பயம்தான். தெரியலையேம்மா என்றேன். அவள் ரசம் ஊற்றினாள். நான் குனிந்து சாப்பிட்டேன்.