ஏழாம் குழியில் பட்டதா?

கிளமெண்டி,
20 ஜூலை 2020

அன்புள்ள வடிவேலுவுக்கு,

நான் சுகம். நீரும் கண்மணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உமது முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்க நாலு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியவை எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. கிளமெண்டியிலிருந்து உம் வீட்டுக்கு நாலு ஸ்டேஷன்தான். ஆனால் இந்தக் கொரோனா காலத்தில் அழையாத வீட்டுக்குள் போய் நிற்பது முறையல்ல. ஆகவே இருபத்தாறு வருடப் பழக்கத்தில் உமக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எழுத்தில் இருந்தால் பிறகு பிசகு வராது.

தேர்தலுக்கு மறுநாள், 11ஆம் தேதி சனிக்கிழமை, நமது கோல்ஃப் கிளப்பின் மாதப் போட்டி. நாம் இருவரும் ஜோடி. உமக்கு நான் மார்க்கர், எனக்கு நீர். அதாவது உமது அடிகளுக்கு நான் சாட்சி, எனது அடிகளுக்கு நீர் சாட்சி. குழிக்குள் ஆளாளுக்குக் கைவிட்டுப் பந்தை எடுத்தால் தொற்று பரவும் என்று, குழிக்குள் இருக்கும் வெள்ளைக் கிண்ணத்தைத் தரைக்கு மேலே ஓர் அங்குலம் உயர்த்தி வைத்திருந்தார்கள். பந்து உள்ளே விழ வழியில்லை. அதற்காகக் கமிட்டி ஒரு தற்காலிக விதி போட்டது. எழுதியவன் நான் என்பது உமக்குத் தெரியும். பந்து கிண்ணத்தில் பட்டால் விழுந்ததாகக் கொள்ள வேண்டும். பட்டதா என்று ஐயம் வந்தால், பெரும்பாலும் எத்தனை அடியில் முடிந்திருக்குமோ அந்த எண்ணை எழுத வேண்டும். அதை மார்க்கர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏழாம் குழி, நூற்று முப்பத்திரண்டு யார்ட், நடுவில் குளம். நீர் செவன் அயர்ன் மட்டையால் அடித்தீர். பந்து கிண்ணத்தில் பட்டு எகிறியது என்கிறீர். நாம் போனபோது பந்து குழிக்கு ஒன்றரை அடி தள்ளிக் கிடந்தது. ஒன்றரை அடியை நீர் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவீர். ஆகவே கணக்கில் இரண்டு. நான் சொன்னது அவ்வளவுதான். கோபிக்க இதில் என்ன இருக்கிறது?

போன சனிக்கிழமை தேக்காச் சந்தையில் நமது வழக்கமான கடைக்குத் தனியாகப் போய்த் தோசை சாப்பிட்டேன். இடம் விட்டு உட்காரச் சொல்லி மேசையில் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி ஒட்டியிருக்கிறார்கள். உமது நாற்காலியிலும் ஒட்டியிருந்தது.

அன்புடன்,
பேரின்பநாயகம்

•

ஜூரோங் வெஸ்ட்,
27 ஜூலை 2020

அன்புள்ள நாயகம் அண்ணனுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. கண்மணிதான் பிரித்துப் படித்தாள். “என்ன இது, கோர்ட்டுல இருந்து வந்த மாதிரி இருக்கு?” என்றாள்.

கால் அப்படியேதான் இருக்கிறது. மூட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 26 அறுவை. அதற்குப் பிறகு கோல்ஃப் மட்டையைப் பிடித்து உடம்பை முறுக்கும் வேலையே ஆகாதாம். எனவே 11ஆம் தேதி ஆடியதுதான் என் கடைசி ஆட்டம். இதை அன்றைக்கு ஆட்டம் முடிந்து தோசைக் கடையில் உங்களிடம் சொல்வதாக இருந்தேன். கடைக்குப் போகிற நிலைமையில் நான் இல்லை.

எதற்குக் கோபம் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். நான் துவாஸ் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வெல்டிங் பிடித்தவன். நீங்கள்தான் கைபிடித்து அந்தக் கிளப்புக்குள் கூட்டிக்கொண்டு போனீர்கள். அதை நான் மறக்கவில்லை. முதல் நாள் வாசலில் ஒருத்தர் என்னைப் பார்த்துத் தன் பையைத் தூக்கச் சொன்னார். நானும் தூக்கிக்கொண்டு போனேன். நீங்கள் பின்னால் ஓடிவந்து பிடுங்கினீர்கள். உள்ளே போனதும் சுவரில் ஒரு மரப்பலகை. ஒரே அடியில் குழியில் போட்டவர்களின் பெயர்கள், தங்க எழுத்தில். அதில் என் பெயர் ஒருநாள் வரும் என்று அன்றைக்கு நினைத்தேன். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போகிறேன்.

11ஆம் தேதி அது வந்தது. “அண்ணே, பட்டுருச்சுண்ணே! கிண்ணத்துல பட்டுருச்சுலா!” என்று கத்தினேன். நீங்கள் உங்கள் கோல்ஃப் வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். பந்தைப் பார்த்தீர்கள். “படேல்ல. ரெண்டு எண்டு எழுதும்” என்றீர்கள். நான் எழுதிவிட்டேன். மார்க்கர் சொன்னால் சொன்னதுதானே.

விதியெல்லாம் எனக்கும் தெரியும் அண்ணே. ஒரே ஒரு கேள்வி. நீங்கள் பார்த்தீர்களா?

இப்படிக்கு,
வடிவேலு

•

கிளமெண்டி,
3 ஆகஸ்ட் 2020

அன்புள்ள வடிவேலு,

அறுவைச் செய்தி வருத்தமாக இருந்தது. இப்போதெல்லாம் அதைச் சுலபமாகச் செய்கிறார்கள். பயப்படத் தேவையில்லை.

உமது கேள்வியைப் பற்றி. மார்க்கரின் கடமை என்ன என்பதை நான் உமக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேகமாக வரும் பந்து பிளாஸ்டிக் கிண்ணத்தில் பட்டால் சத்தம் கேட்கும். எனக்குக் கேட்கவில்லை. கொடிக்கம்பில் பட்டிருக்கலாம். கம்பில் பட்டால் அது கணக்கில் சேராது. பந்து தானாகவே ஒன்றரை அடியில் நின்றிருக்கவும் கூடும். நிச்சயமில்லாத இடத்தில் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது.

உமக்காகக் கமிட்டியிலும் கேட்டேன். தலைவர் பிரேம் என்னையே திருப்பிக் கேட்டார். நான் இரண்டு என்றேன். போட்டி முடிவை மூடிவிட்டார்கள். சிநேகிதன் என்பதற்காக ஒரு எண்ணை மாற்றிச் சொன்னால், அந்தப் பலகையில் இருக்கும் மற்றப் பெயர்களுக்கு என்ன மரியாதை? ஆறுதலாக யோசித்துப் பாரும்.

மகள் சுபாங்கி வந்திருந்தாள். ரசத்தில் உப்புக்குப் பதில் சீனி போட்டுவிட்டேன் என்று ஒரே சண்டை. இரண்டும் ஒரே மாதிரிப் போத்தலில் இருந்தால் நான் என்ன செய்ய?

அன்புடன்,
பேரின்பநாயகம்

•

ஜூரோங் வெஸ்ட்,
14 ஆகஸ்ட் 2020

நாயகம் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. எங்கள் பிளாக் 688. நீங்கள் எழுதியது 633. அங்கே இருக்கும் ஷமீமா என்கிற அம்மா பெயரைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கம் விசாரித்து, மாஸ்க்கும் குடையுமாக வந்து கொடுத்துவிட்டுப் போனார். புண்ணியவதி. கண்மணி அவருக்குச் சுண்டல் கொடுத்தாள்.

கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. பார்த்தீர்களா என்று கேட்டால், கேட்கவில்லை என்கிறீர்கள். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிறீர்கள்.

இனி நானே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமலேயே போய்விடலாம் என்று இருந்தேன். இரண்டு வருடமாக உங்களுக்குத் தூரத்துப் பந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. நீங்கள் அடித்ததும், “நல்ல அடிண்ணே, இடது பக்கம், மரத்துக்கு முன்னால” என்று நான் ஏன் ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொல்கிறேன் என்று நினைத்தீர்கள்? நீங்கள் கண்ணைப் பற்றிப் பேச மாட்டீர்கள். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நானும் பேசவில்லை. வண்டியை நீங்கள் பள்ளத்தில் இறக்காமல் இருக்க நான் முன்னால் போவேன். அதுவும் உங்களுக்குத் தெரியாது.

11ஆம் தேதி நீங்களும் பதினெட்டுக் குழி ஆடினீர்கள். உங்கள் பந்து கிண்ணத்தில் பட்டதா இல்லையா என்று ஒவ்வொரு குழியிலும் சொன்னது யார்? நான்தான். “பட்டுச்சுண்ணே” என்றேன், எழுதினீர்கள். “படலண்ணே” என்றேன், எழுதினீர்கள். ஒரு தடவைகூட நிச்சயமா என்று கேட்கவில்லை. உங்கள் பதினெட்டுக் குழிக்கும் என் கண் போதுமானதாக இருந்தது. என்னுடைய ஒரு குழிக்கு மட்டும் போதவில்லை.

அதுதான் எனக்கு வலிக்கிறது. பலகை பிறகுதான்.

26ஆம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பார்க்க வர வேண்டாம். இரண்டு பேரைத்தான் உள்ளே விடுவார்களாம். பதில் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

வடிவேலு

•

கிளமெண்டி,
6 அக்டோபர் 2020

அன்புள்ள வடிவேலு,

ஏழு கிழமையாக எழுதவில்லை. பதில் இருக்கவில்லை என்பதல்ல. அதை எழுதும் துணிவு இருக்கவில்லை.

உமது கடிதத்தைச் சுபாங்கியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எனக்கு எழுத்துக் கலங்கித் தெரிந்தது. அவள் வாசித்து முடித்துவிட்டு உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தாள். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் புரையை உரித்துவிட்டார்கள். இடது கண் அடுத்த மாதம். இந்தக் கடிதத்தை வலது கண்ணை வைத்துத்தான் எழுதுகிறேன். உறையில் 688 என்று மூன்று தடவை சரிபார்த்து எழுதியிருக்கிறேன்.

நான் பார்க்கவில்லை.

புரை ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றைக்கு மூக்குக் கண்ணாடியும் புகைந்து போயிருந்தது. ஆடும்போது மாஸ்க்கைக் கழற்றலாம் என்று அரசாங்கமே சொல்லியிருந்தது. நான் கழற்றவில்லை. கமிட்டிக்காரன் மாஸ்க்கோடு ஆடினான் என்று நாலு பேர் பார்க்கட்டுமே என்ற நினைப்பு. மூச்சுக்காற்று மேலே ஏறி, கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. நீர் அடித்தபோது எனக்குக் குளமும் தெரியவில்லை, கொடியும் தெரியவில்லை. உமது குரல் மட்டும்தான் கேட்டது.

“தெரியாது” என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல். அதைச் சொன்னால் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறவனுக்குப் பந்து தெரியாது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். நாற்பது வருடமாக ஆடுகிறேன், எனக்கு ஒருமுறையும் வரவில்லை. நான் கூட்டிக்கொண்டு வந்தவருக்கு வந்துவிட்டது. உமது சத்தத்தைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷமில்லை, பொறாமைதான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கமிட்டிக்கு உண்மையை எழுதிக் கொடுத்தேன். அதற்குத் தண்டனையாக எனது ஸ்கோரை நீக்கச் சொன்னேன். கமிட்டியிலிருந்தும் விலகிவிட்டேன். உமது ஏழாம் குழிக்கு ஒன்று என்று மாற்றக் கேட்டேன். முடியாது என்றுவிட்டார்கள். போட்டி மூடிய பிறகு மார்க்கரின் சொல்லை மாற்ற முடியாதாம். அந்த விதியையும் வைத்தவன் நான்தான். பிரேம் பக்க எண்ணோடு எடுத்துக் காட்டினார்.

ஆகவே பலகையில் உமது பெயர் வராது. அதற்குக் காரணம் நான். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமையில்லை. கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.

பேரின்பநாயகம்

•

ஜூரோங் வெஸ்ட்,
16 நவம்பர் 2020

அன்புள்ள நாயகம் அண்ணனுக்கு,

கால் பரவாயில்லை. வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டேன். லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்புகிறேன். பிசியோ செய்யவரும் பெண் பரீதா ரொம்பக் கறார். எதிலும் விட்டுக்கொடுக்க மாட்டாள். உங்கள் ஞாபகம் வருகிறது.

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். கோபம் உடனே போய்விட்டது என்று சொன்னால் பொய். பொறாமை என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றேன். அதை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. எழுதினீர்கள். சரி.

பலகை போனது போனதுதான். அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, இனியும் இருக்கும். இல்லை என்று உங்களுக்காகச் சொல்ல மாட்டேன்.

இதோடு என் ஸ்கோர் அட்டையை வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஒருவர் அட்டையை இன்னொருவர் தொடக்கூடாது என்று சொல்லி, போட்டோ பிடித்து அனுப்பினால் போதும் என்றார்கள் அல்லவா? அசல் அட்டை என்னிடமே தங்கிவிட்டது. ஏழாம் கட்டத்தைப் பாருங்கள். முதலில் 1 என்று எழுதி, நீங்கள் சொன்ன பிறகு அடித்துவிட்டு 2 என்று எழுதியிருக்கிறேன். கீழே மார்க்கர் கையெழுத்துப் போடுகிற இடம் காலியாக இருக்கிறது.

அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று என்று திருத்த வேண்டாம். நீங்கள் பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் நானே கிழித்துப்போட்டுவிடுவேன். ஏழாம் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘நான் பார்க்கவில்லை’ என்று எழுதி, கீழே முழுப் பெயரையும் போடுங்கள். அன்றைக்குக் குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று உங்கள் வாயால் நான் கேட்டிருக்க வேண்டியது அதுதான். எனக்கு அது போதும். அந்த அட்டையை மாட்ட வரவேற்பறையில் கண்மணி ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறாள்.

தபாலில் அனுப்ப வேண்டாம். ஷமீமா அம்மாவை இன்னொரு தடவை நடக்கவிடக் கூடாது. இடது கண்ணும் சரியானதும் நேரில் கொண்டுவாருங்கள், ஒரு சனிக்கிழமை. தேக்கா வரைக்கும் என்னால் இன்னும் வர முடியாது. தோசை இங்கே வீட்டிலேயே.

தம்பி,
வடிவேலு