பேட்டரி மாற்றக் கொடுத்த லேப்டாப்

திங்கட்கிழமை, ராத்திரி.

என் பிள்ளை குமார் இறந்ததிலிருந்து, அவன் லேப்டாப்பில் அவன் பேசிய வீடியோவைத்தான் தினமும் பார்க்கிறேன். பாதியில் அணைந்து போகிறதே என்று திண்டிவனத்தில் பேட்டரி மாற்றக் கொடுத்தேன். இன்று வாங்கித் திறந்தால் அவனைக் காணோம். கறுப்பாக இங்கிலீஷ் எழுத்துதான் நிற்கிறது.

"பேட்டரிய கழட்டினதும் செக்யூர் பூட்டுன்னு ஒரு காவல் தானா ஆன் ஆயிடுச்சும்மா. விண்டோஸுக்குப் பதிலா உங்க புள்ள போட்ட லினக்ஸ அது உள்ள வுட மாட்டேங்குது. ஆஃப் பண்ணாலும் வேற எரர் காட்டுது. எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுடட்டுமா?" என்கிறான் கடைக்காரன்.

"என் புள்ளைய அழிக்கவா உன்னாண்ட குடுத்தேன்? எடு இப்படி!"

பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நாளைக்கு விழுப்புரத்தில் வேறு கடையில் கேட்க வேண்டும். அவனும் அழிக்கத்தான் சொல்வானோ என்னவோ.

புது பேட்டரி விடிய விடியத் தாங்குமாம். தாங்கி என்ன பண்ண?