பல்கணிச் செடிக்கு அடித்த மருந்து

மிருணா பிள்ளை,

அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போறன். கீழ்க்கடையிலை வாங்கின புட்டு மேசையிலை இருக்கு. கதவைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டு ஞானம்மா அன்ரியிட்டைக் குடுத்திட்டு வேலைக்குப் போ.

நேற்று நான் கத்தினதுக்குக் கோவிக்காதை. பல்கணிக் கஞ்சாச் செடியிலை பூச்சியைக் கண்டிட்டு நல்லதுக்குத்தான் நீ பூச்சிமருந்து அடிச்சனீ. ஆனா அந்தப் பூவை அம்மாவின்ரை கான்சர் நோவுக்கு அவிச்சுக் குடுக்க இருந்தனான். அதுக்காகத்தான் இவ்வளவு நாளும் மருந்தே தொடாமல், சவுக்காரத் தண்ணியாலை ஒவ்வொரு இலையா அடிப்பக்கம் துடைச்சனான். இனி அதை அவவுக்குக் குடுக்கேலாது.

அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. பூ இன்னும் முத்தேல்லை எண்டு சொல்லி வச்சிருக்கிறன்.

அப்பா

பி.கு.: விடியப் போய்ப் பாத்தன். செடியிலை ஒரு பூச்சியும் இல்லை. பச்சைப்பசேலெண்டு நிக்குது.