ஆற்ற பிள்ளை?

அஜின்கோர்ட், ரொறன்ரோ
20.06.2009

என்ர அன்பான அக்கா,

உங்கட கையெழுத்தைக் கண்டவுடன படியிலயே இருந்து குழறினன். கீழ்வீட்டு அன்ரி ஆரோ செத்துப்போச்சினம் எண்டு பயந்து தண்ணியோட ஓடி வந்தவ. "இல்லை அன்ரி, அக்கா உயிரோட இருக்கிறா!" எண்டு கட்டிப்பிடிச்சதில தண்ணி முழுக்க அவவின்ர சீலையில. சண்டை முடிஞ்சதெண்டு செய்தியில சொன்ன நாள் தொட்டு எனக்குச் சோறு இறங்கேல்லை. உங்கட கடிதம் வந்த அண்டைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டன்.

ஒரு புதினம். எனக்குப் புது வேலை. இந்த நாட்டின்ர பூர்வீகக் குடிகள் இருக்கினமெல்லோ, வடக்கில ஒரு ஏரிக்கரையில இருக்கிற அவையின்ர சமூகம் ஒண்டுக்கு நான் இப்ப பிரதிநிதி. அவையின்ர பிள்ளை ஒண்டை அரசாங்கம் பொறுப்பெடுத்தால், அந்தச் சமூகத்துக்காக ஒராள் கோட்டில, நீதவானுக்கு முன்னால, கதைக்கலாம். தவணைக்குத் தவணை ரொறன்ரோ வந்துபோறது அவைக்கு லேசில்லை. அதால கோட்டு வேலை பழகின ஒராளை இஞ்சயே வைச்சிருக்கினம். நேர்முகத்தில அவையின்ர தலைவி என்ர படிப்பைக் கேக்கேல்லை. "சின்னனில உன்னை ஆர் வளர்த்தது?" எண்டுதான் கேட்டா. "அம்மா செத்தாப்பிறகு அக்கா" எண்டன். "அப்ப உனக்கு விளங்கும்" எண்டு வேலையைத் தந்திட்டா.

முதல் வழக்கு ஒரு கைக்குழந்தை. பேர் எழுதக்கூடாது, குட்டி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. இப்ப குட்டியை வளர்க்கிற மனிசி அவையின்ர ஆளில்லை, ஆனால் நல்லவ, தனக்கே தரச்சொல்லிக் கேக்கிறா. சொந்தக்காரர் ஆரையும் நான் கண்டுபிடிச்சால்தான் குட்டி தன்ர சனத்தோட சேரலாம். நான் என்ன செய்தன் தெரியுமே? அவையின்ர ஊருக்குப் போய், எங்கட ஆக்கள் கலியாண வீட்டில கேக்கிற மாதிரி, "நீங்கள் ஆற்ற பிள்ளை? தகப்பன் எந்த இடம்? தாயோட கூடப்பிறந்தவை ஆர் ஆர்?" எண்டு வாசலில நிண்டே அடுக்கினன். கதவைச் சாத்திப்போட்டினம், அக்கா! முந்தி அவையின்ர பிள்ளைகளைப் பிடிச்சுத் தூரப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோன ஆக்களும் இப்பிடித்தான் கேட்டுக் கேட்டு எழுதினவையாம். வெக்கத்தில காருக்குள்ள போய்க் குந்திக்கொண்டிருந்தன்.

உங்கட
மக்டலீன்


முகாம், செட்டிகுளம்
18.07.2009

மக்டலீன் பிள்ளை,

உன்ர கடிதத்தை முகாமுக்கு வந்துபோற கன்னியாஸ்திரி சிஸ்டர் கொண்டுவந்து தந்தவ. உரத்து வாசிச்சனான். அன்ரியின்ர சீலை நனைஞ்ச இடத்தில கூடாரம் முழுக்கச் சிரிச்சது. இஞ்ச சிரிப்பு கேட்டுக் கனநாள்.

அது சரி, ஆற்றையோ வீட்டு வாசலில நிண்டு விசாரணை வைப்பியே, மூதேவி? முதல்ல நீ ஆரெண்டு சொல்லு. உன்ர கதையைச் சொல்லு. சாப்பிட ஏதும் கொண்டுபோ. வெறுங்கையோட போற பழக்கத்தை நானா உனக்குக் காட்டினனான்?

எனக்கும் ஒரு புதினம் இருக்கு. என்னட்ட ஒரு பெட்டை இருக்கிறாள், நிலாணி. நாலு வயது இருக்கும். சண்டையின்ர கடைசியில கடலேரித் தண்ணிக்குள்ளால சனம் கடந்து வரேக்க என்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சவள், இன்னும் விடேல்லை. தாய் தேப்பன் செல் குண்டு விழுந்து செத்துப்போச்சினமாம். அதைச் சோறு கேக்கிற மாதிரிச் சொல்லுறாள். ஆனால் தன்ர கோழிக்குஞ்சு எங்கயோ இருக்காம், தேடித் தரட்டாம். வாய் எண்டால் அப்பிடி வாய்! நித்திரையிலயும் கதைக்கிறாள்.

எனக்கொரு பிள்ளை இல்லையெண்டு நான் அழுத அழுகை உனக்குத் தெரியும். இஞ்ச இவளை என்ர பிள்ளை எண்டே பதிஞ்சிருக்கிறன். நீ கோட்டில நிக்கிறவள். இவளைச் சட்டப்படி எனக்காக்க என்ன செய்யவேணும்? கெதியா எழுது.

அக்கா எமில்டா


அஜின்கோர்ட்
16.08.2009

அன்பான அக்காவுக்கு,

வழக்கு வெண்டாச்சு! நீங்கள் ஏசினது பலிச்சது.

இஞ்சத்தைக் கடையில ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பப் போனன். சாத்தின அதே கதவு. "நான் மக்டலீன். எங்கட நாட்டில சண்டை. என்னை வளர்த்த அக்கா முள்ளுக்கம்பிக்குள்ள இருக்கிறா" எண்டு தொடங்கினன். அந்த மனிசி உள்ள கூப்பிட்டுத் தேத்தண்ணி வைச்சா. ரோல்ஸ் உறைப்பெண்டு கண்ணால தண்ணி ஓட ஓட இன்னொண்டு எடுத்தா. பிறகு தானாவே சொன்னா, குட்டியின்ர தாய்க்கு ஒரு பெரியம்மா இருக்கிறா, லொறி ஓட்டுறா, பிறம்ரனில எண்டு. பிறம்ரனில! விடிய வெளிக்கிட்டுப் பொழுதுபட வந்து சேர்ந்திருக்கிறன், ஆள் இருக்கிறது என்ர வீட்டில இருந்து ஒரு ஹைவே தள்ளி!

லொறிக்காரிக்குக் குட்டி பிறந்ததே தெரியாது. வேலைச் சப்பாத்தோடயே கோட்டுக்கு வந்தா. நீதவான் "குட்டியை அவவிட்டயே குடுங்கோ" எண்டதும் அவையின்ர ஆக்கள் வெளியில மேளம் அடிச்சுப் பாடினதைப் பாக்கவேணும். நானும் ஆடினன், அக்கா, கோட்டு உடுப்போட!

நீங்கள் கேட்டதுக்குச் சட்டம் எழுத முன்னம் ஒண்டு கேக்கவேணும். நிலாணி ஆற்ற பிள்ளை? விசாரிச்சனீங்களே? தாய் பக்கமோ தேப்பன் பக்கமோ ஆரும் அவளைத் தேடிக்கொண்டு நிண்டால்?

மக்டலீன்


செட்டிகுளம்
09.09.2009

மக்டலீன்,

இந்தமுறை நான் உரத்து வாசிக்கேல்லை.

மேளம் அடிச்சதை எழுதினாய், நீ ஆடினதை எழுதினாய். குட்டியைக் குளிப்பாட்டி நித்திரையாக்கி வளர்த்த மனிசியைப் பற்றி ஒரு வரி இல்லை. அவ அண்டைக்கு எங்க நிண்டவ? வீட்டை போய் என்ன செய்தவ? முதல்ல அதை எழுது. பிறகு என்னட்டக் கேள்வி கேள்.

எமில்டா


அஜின்கோர்ட்
04.10.2009

என்ர அக்கா,

உங்கட கடிதம் கன்னத்தில அறைஞ்ச மாதிரி இருந்தது. எனக்கு நல்லா வேணும். நான் அவவைத் திரும்பிக்கூடப் பாக்கேல்லை.

அடுத்த நாளே அவவைத் தேடி மில்லிக்கனுக்குப் போனன். கதவைத் திறந்தா, உள்ள பாத்தால் குட்டி தவழுது! லொறிக்காரி தூர ஓட்டம் போகேக்க இவவிட்டத்தான் விட்டிட்டுப் போறாவாம். முதல் கிழமை முழுக்க இவ தொட்டிலுக்குப் பக்கத்தில இருந்து அழுதவ. அதைக் கேள்விப்பட்டு லொறிக்காரி வந்து, "குட்டியை வளர்த்தவள் எங்கட ஆளில்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?" எண்டு சண்டை பிடிச்சாவாம். குட்டியோட நான் நிக்கிற படம் ஒண்டு இதோட வைச்சிருக்கிறன், பாருங்கோ.

நீங்கள் கேக்காமல் விட்டால் ஒருதரும் வந்து கேக்கமாட்டினம், எனக்குத் தெரியும். அப்பிடியெண்டாலும் கேளுங்கோ, அக்கா. கோவிச்சாலும் நான் இதைத்தான் சொல்லுவன்.

மக்டலீன்


வவுனியா
20.12.2009

என்ர மக்டலீன் பிள்ளை,

பதில் வராமல் தவிச்சிருப்பாய். நல்லா வேணும் உனக்கு.

உன்ர கடிதம் கிடைச்சு ஒரு கிழமை நான் நிலாணியை இடுப்பில இருந்து இறக்கேல்லை. பிறகு ஒருநாள் தண்ணி வரிசையில நிண்டு, "நான் எமில்டா, இந்தப் பிள்ளை என்னோட தண்ணிக்குள்ளால வந்தது" எண்டு சத்தமாச் சொன்னன். எங்கட சனம் விடுமே? ஆற்ற பிள்ளை, எந்த இடம், தாய் ஆர் எண்டு கிண்டிக் கிண்டிப் பின்னேரத்துக்கிடையில கண்டுபிடிச்சிட்டுதுகள். முகாமின்ர பக்கத்து வலயத்தில சின்னம்மாக்காரி இருக்கிறாள், பாலேஸ்வரி. பிள்ளையும் செத்துப்போச்சு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

கம்பிக்கு அங்கால வந்து நிண்டாள். நிலாணி அண்டைக்குத்தான் என்ர சீலையை விட்டாள். ஓடிப்போய்க் கேட்ட முதல் கேள்வி, "சின்னம்மா, என்ர கோழிக்குஞ்சு எங்க?" பாலேஸ்வரி சிரிக்கிறாள், அழுகிறாள், கம்பிக்குள்ளால கையை விட்டு முகத்தைத் தடவுறாள். நானும் சேர்ந்து குழறினன், உன்னைப்போல.

இந்த மாதம் எங்களை வெளிய விட்டினம். நிலாணியின்ர உடுப்பைக் கட்டிக் குடுத்திட்டு, நான் ஒரு கரையில தனியப் போய் நிண்டன். பதிஞ்சுகொண்டிருந்தவர் என்னைக் காட்டி, "இவ ஆர்?" எண்டு பாலேஸ்வரியைக் கேட்டார். "என்ர அக்கா" எண்டாள், டக்கெண்டு. இப்ப எல்லாரும் ஒரு வீட்டில. கூரை அரைவாசிதான் இருக்கு, சத்தத்துக்குக் குறைவில்லை. கோழிக்குஞ்சும் வாங்கியாச்சு. உனக்குப் போட்டியா ஒரு தங்கச்சி வந்திட்டாள், எரிச்சல்படாதை.

நீ அனுப்பின படத்தை நேற்று நிலாணிக்குக் காட்டினன். இப்ப ஆரைக் கண்டாலும் அவளுக்கு ஒரே கேள்விதான். உன்ர முகத்தில விரலை வைச்சு, "இவ ஆற்ற பிள்ளை?" எண்டு கேட்டாள்.

என்ர பிள்ளை எண்டு சொன்னன்.

அக்கா எமில்டா