யாருடைய கப்பலானாலும்

அக்கா,

இன்று காலை பள்ளிக்கூடத்துக் கொடி ஒன்று இஸ்திரிக்கு வந்தது. நைலான் இல்லை, பழைய கதர். தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்ததும் ஈரக் கதர் சூடாகும் அந்த வாசனை எழும்பிவிட்டது. நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. ஆனாலும் அந்த வாசனை வந்தால் நீ பக்கத்துக் கல்லில் நின்றுகொண்டு என்னைத் திட்டுவது போலவே இருக்கிறது. "கொடிக்கு நீலம் போடாதேடி, அதோட வெள்ளை அதுக்குப் போதும்" என்பாய். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். மருமகள் வந்து சாயா வேணுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எத்தனை தலைமுறையாக நம் தமிழ் ஆட்கள் துணி வெளுத்தாலும் கொடி மட்டும் உன் கைக்குத்தான் வரும். அதற்கு யாரும் உத்தரவு போடவில்லை, வழக்கம் அப்படி ஆகிவிட்டது. மற்றத் துணியில் எல்லாம் யார் வீட்டுத் துணி என்று தெரிய சேங்கொட்டை மையால் குறி போடுவோம், கொடியில் போட மாட்டோம். ஊற வைக்கக் கூடாது, காவி இறங்கி வெள்ளையில் ஏறிவிடும். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஒரு முக்கு, ஒரு அலசு, உடனே நிழலில் உலர்த்தும் கயிற்றின் முறுக்குக்குள் செருகிவிட வேண்டும். கொடி உலர்கிற வரைக்கும் நீ யாரோடும் சண்டை போட மாட்டாய். ஆகஸ்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த நிம்மதி அது ஒன்றுதான்.

உனக்கு ஞாபகம் இருக்கும், எழுபத்தொன்றாம் வருஷம் கிழக்கே பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது அமெரிக்காவின் பெரிய கப்பல் வங்கக் கடலுக்கு வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். கொச்சங்காடி வாசகசாலையின் செக்ரட்டரி சேட்டன் நாம் துணி வெளுக்கும் களத்துக்கே வந்து கல்மேல் ஏறி நின்று பேசினார். அதே நாட்டின் பால்பொடியைத்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் குடித்துக்கொண்டிருந்தன. மஞ்சள் சோள உப்புமாவும் அவர்கள் கொடுத்ததுதான். "எல்லா மனுஷனும் சமம்னு அவன் ஊர்ல எழுதி வச்சிருக்கானாம். அந்த எழுத்து உப்புத் தண்ணி பட்டா அழிஞ்சுடும் போல" என்று நீ சொன்னாய். சேட்டன் அதை அடுத்த கூட்டத்தில் தன் சொந்த வாக்கு மாதிரி பேசிக் கைதட்டு வாங்கினார்.

அந்த வாரமே துறைமுகத்து ஏஜெண்டு ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார். அமெரிக்கச் சரக்குக் கப்பல்காரர்களின் துணி. தொடவே கூடாது, காயலில் வீசு என்று ஆண்கள் குதித்தார்கள். நீ மூட்டையை அவிழ்த்து ஒரு சட்டையை எடுத்துப் பார்த்தாய். கழுத்துப் பட்டையில் யாரோ கோணல்மாணலாய்த் தைத்துக் கொடுத்த பொத்தான் ஒன்று இருந்தது. "இவன் அம்மாவுக்கும் தையல் வராது போலிருக்கு. சட்டை என்ன செஞ்சுது பாவம்" என்று சொல்லித் தொட்டியில் போட்டாய். ஆனால் கப்பலை அனுப்பியவர்களை நீ வெளுத்த வெளுப்பு இருக்கிறதே, அதைச் சட்டைக்குக்கூடக் கொடுக்கவில்லை.

பிறகு சில வருஷம் கழித்து ரஷ்யாக்காரர்கள் ஆப்கானிஸ்தானுக்குள் போனார்கள். செக்ரட்டரி சேட்டன் ரஷ்யாமேல் உயிரையே வைத்திருந்தவர். அவர் வாசகசாலையிலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் பளபளப்பான ரஷ்யப் பத்திரிகையைக் கிழித்துத்தான் உன் மகன் செல்வம் தன் புத்தகங்களுக்கு அட்டை போட்டான். நீ அவரை வழியில் நிறுத்திக் கேட்டாய். "சேட்டா, அமெரிக்காக்காரன் போனா அக்கிரமம். ரஷ்யாக்காரன் போனா ஒத்தாசையா?" அவர் "அது வேறே, இது வேறே" என்றார். எது வேறே என்று நீயும் விடவில்லை. மனுஷர் குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நடந்தே போய்விட்டார். மழை ஒன்றும் இல்லை அன்று. நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிற்று வலியே வந்துவிட்டது.

அப்போது சிரித்தோம், அக்கா. அடுத்த கப்பல் நம்முடையதாக இருக்கும் என்று யார் கண்டது.

எண்பத்தேழில் நம் பட்டாளம் இலங்கைக்குப் போனது. சமாதானம் செய்து வைக்கப் போகிறது என்று எல்லாரும் சொன்னார்கள், நாமும் நம்பினோம். செல்வம் அதில் இருந்தான். அப்பா முகம் தெரியாமல் வளர்ந்த பிள்ளை, பட்டாளத்தில் சேருவேன் என்று அவன் சொன்னபோது நீ தடுக்கவில்லை. தெருவெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாய். நம் தமிழ் ஆட்களைக் காப்பாற்றப் போயிருக்கிறான் என்று மீன்காரியிடம்கூடச் சொன்னாய். கொஞ்ச நாளில் அங்கே சண்டை மூண்டுவிட்டது. யாரைக் காக்கப் போனார்களோ அவர்கள் வீட்டுக்குள்ளேயே துப்பாக்கியோடு போக வேண்டி வந்தது. நீ மீன்காரியிடம் பேசுவதை நிறுத்திவிட்டாய்.

மார்கழியில் அவன் விடுப்பில் வந்தான். இளைத்திருந்தான், அது பரவாயில்லை. நீ "வாடா ராசா, சாப்பிடு" என்கிறாய், அவன் "மதி அம்மே, விசப்பில்லா" என்கிறான். போதும், பசியில்லை என்பதை மலையாளத்தில்தான் சொன்னான். நாம் என்ன பேசினாலும் பதில் மலையாளத்தில்தான் வந்தது. களத்தில் யாராவது பிள்ளைகளோடு மலையாளம் பேசினால் முதுகில் ஒன்று வைக்கிறவள் நீ. எனக்குப் பயமாகவே இருந்தது, என்ன சொல்லப் போகிறாயோ என்று. நீ தட்டை மூடி வைத்துவிட்டுப் போனாய். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கயிற்றில் துணி செருகிக்கொண்டிருக்கும்போது அவனே சொன்னான். நானும் அங்கேதான் நின்றேன்.

அவன் பிரிவில் தமிழ் தெரிந்தவன் அவன் ஒருவன்தானாம். அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவனைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். "வெளியே வாங்க, வீட்டைப் பார்க்கணும்" என்று அவன் சொல்ல வேண்டும். முதல் முதலில் அவன் தமிழைக் கேட்டு வீட்டுக்காரர்கள் சிரித்திருக்கிறார்கள், நம்ம பிள்ளை என்று தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். பிறகு அந்தத் தமிழைக் கேட்டாலே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்களாம். "அம்மே, ஞான் தமிழ் பறஞ்ஞால் ஆளுகள் பேடிக்குந்நு" என்றான். நான் தமிழ் பேசினால் ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்று. சொல்லிவிட்டு நனைந்த படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டே இருந்தான். அதில் பிழிய ஒரு சொட்டும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து நீயே அவனோடு மலையாளம் பேச ஆரம்பித்தாய். உன் மலையாளம் என்ன லட்சணம் என்று எனக்குத் தெரியாதா. காய்கறிக்காரனே சிரிப்பான். "என்னக்கா இது" என்று கேட்டதற்கு, "அவனுக்கு வலிக்காத பாஷையில பேசிட்டுப் போறேன், உனக்கென்ன" என்றாய். அப்படிச் சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாய்.

அவன் திரும்பிப் போன பிறகு வந்தது குடியரசு நாள். பட்டாளத்துக்காரனின் அம்மா என்று உன்னைத்தான் அந்த வருஷம் வாசகசாலையில் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். செக்ரட்டரி சேட்டன் நல்ல மனசோடுதான் கூப்பிட்டார், அதில் குற்றமில்லை. மகனைக் கொடுத்ததில் பெருமைப்படுகிறேன் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்றார். நீ வெளுத்த கொடி, உள்ளே செம்பருத்தி இதழ் வைத்து மடித்தது. கயிற்றை இழுத்ததும் அழகாக விரிந்தது. எல்லாரும் பாடி முடித்தார்கள். மைக்கை உன் முன்னால் வைத்தார்கள். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாய்.

"எனக்குப் பேச வராது. இந்தக் கொடியை நான்தான் வெளுக்கறேன். என் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பினதும் நான்தான், யாரும் பிடிச்சுட்டுப் போகலை. ஆனா, அமெரிக்காக்காரன் கப்பல் நம்ம கடலுக்கு வந்தப்போ நம்ம வயிறு எரிஞ்சுதுல்ல. இப்போ நம்ம கப்பல் போயிருக்கு. அவங்க வயிறு எரியாதா. நாம நல்லதுக்குத்தான் போனோம்னா, அவனும் அப்படித்தானே சொன்னான்." மைக்கை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாய். "பிள்ளைகளைத் திருப்பிக் கூப்பிடுங்க. அவ்வளவுதான்." கொடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நீ இறங்கினாய்.

"ராஜ்யத்ரோகி" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று நான் திரும்பிப் பார்த்தேன், எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நீ என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாய். "ஏண்டி, நான் பேசினதுக்கு அவனை ஏதாவது செஞ்சுடுவாங்களா? பெத்த பிள்ளைக்கு நானே வினை வச்சுட்டேனோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். இல்லைக்கா, இல்லைக்கா என்றேன். எனக்கும் அதே பயம்தான். உன் துணிச்சலைப் பற்றிப் பிற்பாடு எத்தனையோ பேர் பேசினார்கள். உன் விரல் பதிந்த வலி எனக்குத்தான் தெரியும்.

அந்த ஆகஸ்டில் உனக்குக் கொடி வரவில்லை. செக்ரட்டரி சேட்டன் கொடியை என்னிடம் நீட்டினார். நான் சொன்னேன், "கசங்கினதையே ஏத்துங்க சேட்டா, காத்துல தானா நிமிரும்." மற்றப் பெண்களும் வாங்கவில்லை. கடைசியில் அவர் மனைவி வீட்டிலேயே ஊற வைத்துத் துவைத்தாள் என்று கேள்வி. வெள்ளைப் பட்டை இளங்காவியாகப் பறந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. "அது என்னடி பண்ணும்" என்று கொடியைப் பார்த்தே வருத்தப்பட்டாய். அப்புறம் சொன்னாய்: "நாட்டுமேல பிரியம்னா பிள்ளைமேல உள்ள பிரியம் மாதிரிதானே. அடுத்த வீட்டுப் பிள்ளையை அடிச்சுட்டு வந்தா காதைத் திருகுவோம். ஆரத்தியா எடுப்போம்?"

எண்பத்தொன்பதில் செல்வம் முழுசாகத் திரும்பி வந்தான். கை கால் எல்லாம் இருந்தது. தமிழ்தான் இல்லை. நீ உன் ஓட்டை மலையாளத்திலேயே அவனோடு ஓட்டினாய். ஒருநாள்கூட அவனை நெருக்கவில்லை, எனக்குத்தான் பொறுமை போயிற்று.

ஒரு மத்தியானம் களத்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள், இடுப்பில் குழந்தை. எர்ணாகுளத்துக் கட்டட வேலைக்கு வந்த தமிழ் ஆட்களோடு சேர்ந்து வந்தவள். "இஞ்ச வேலை ஏதும் கிடைக்குமோ? நாங்கள் அங்கால இருந்து வந்தனாங்கள்" என்றாள். அந்த இலங்கைப் பேச்சைக் கேட்டதும் களத்தில் துணி அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. செல்வம் கல்லருகே நின்றிருந்தான், ஒட்ட வெட்டிய தலையும் பட்டாளத்துக் காக்கிக் கால்சட்டையுமாக. அவள் அவனைப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் வைத்துக் குழந்தையின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்ததைத் தொட்டியில் போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தான். உயரமான பையன், உட்கார்ந்ததும் குழந்தைக்கு முன்னால் குழந்தை மாதிரி ஆகிவிட்டான். வாய் இரண்டு மூன்று முறை திறந்து மூடியது. பிறகு வந்தது.

"சாப்பிட்டீங்களா அக்கா?"

நீ கயிற்று வரிசைக்குப் பின்னால் நின்றாய். ஈர விரிப்பு ஒன்றை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாய், தோள் குலுங்கியது. அவனுக்குத் தெரியக் கூடாது என்று துணிகளுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாய். அந்தப் பெண் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "பிள்ளைக்குக் குடுங்கோ" என்றாள் கடைசியில். குழந்தைக்கு நீதான் சோறு பிசைந்து ஊட்டினாய். அவளுக்கும் வைத்தாய். அவள் தட்டைத் தொடவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

இப்போதும் ஏதோ ஒரு பெரிய நாடு ஏதோ ஒரு சின்ன நாட்டுக்கு நல்லது செய்யப் போவதாக டீவியில் சொல்கிறார்கள், அக்கா. அந்தந்த நாட்டுக்கு அந்தந்த செக்ரட்டரி சேட்டன் இருக்கிறார், அது வேறே இது வேறே என்று. அரசியல் படித்தவள் இல்லை நான். எந்தக் கொடி என்றும் பார்ப்பதில்லை. வாசலில் நிற்கிற பெண் பின்னால் அடி வைக்கிறாளா என்று மட்டும் பார்க்கிறேன். உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான்.

அவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை நாம் வருவதற்கு முன்பே வந்து செல்வத்தின் பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவளே தட்டை எடுத்து உன் முன்னால் நீட்டினாள்.