அட்டையில் குகன் பெயர்

அன்புள்ள பவானேஸ்வரிக்கு,

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள், இப்போதுதான் கற்றேன். மூட்டுவலி குறைந்ததா? நான் வேலை பார்க்கும் சுங்கை ஊடாங்கில் நலம்.

நீ போனில் அனுப்பிய உன் மூத்தோர் சங்க அட்டையின் படத்தை நானே வாசித்தேன்! அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர் இல்லை, சங்கச் செயலாளர் குகன் பெயர். அவன் நன்றாகப் பாடவும் செய்வான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் காவல் பார்க்கும் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் ஷாந்தினியிடம் காட்டினேன், சிரித்தாள். “தாத்தா, ஸ்கீமாவுல, அதான் கம்ப்யூட்டர் பதிவு வைக்கிற அமைப்புல, தனியாள், தம்பதின்னு ரெண்டு வகை உறுப்பினர் இருக்கும். அவசரத்துக்கு யாருன்னு கேட்ட இடத்துல பாட்டி யார் பேரும் எழுதாம விட்டிருப்பாங்க. கம்ப்யூட்டர் முதல்ல தனியாள்னு பார்த்து, செயலாளர் பேரைத் தானா போட்டுடுச்சு. அப்புறம் தம்பதின்னு தெரிஞ்சும் அதை அழிக்கல லா.”

சரி, குகன் மேல் தப்பில்லை. ஆனால் அந்த இடத்தை நீ ஏன் காலியாக விட்டாய்? நீ அழைத்தால் முதல் பஸ்ஸில் ஈப்போ வந்துவிடுவேன். அடுத்த வாரமும் எழுதுவேன்; அதற்குள் என் பெயரை நீ எழுதிவிடு.

உன் கணவன்,
சேகரன்