பாத்தாம் என்று நான் சொன்னது

7 ஜூலை 2025, திங்கள்

யூனியனோடு முதல் பேச்சு. உலு திராமிலிருந்து தொழிற்சாலையின் காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வரும் கம்பெனி பஸ்களை நிர்வாகம் நிறுத்தப் பார்க்கிறது. நிர்வாகத்தின் சார்பில் பேசுவது மனிதவளப் பிரிவில் இருக்கும் நான். எதிரே புஷ்பவள்ளி, பதினெட்டு வருஷ ஆப்பரேட்டர், யூனியன் செயலாளர்.

"பஸ்ஸ நிறுத்துனா முப்பது பேரு நாளைக்கே எல்லை தாண்டி சிங்கப்பூருக்குப் போயிருவாங்க மிஸ். வேலை ரெடியா இருக்கு."

முப்பதா? நம்பவில்லை. குறித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மேலாளர் கமலநாதன்: "அவங்க சிங்கப்பூர் காட்டுனா நீங்க பாத்தாம் காட்டுங்க. ரெண்டாவது புரொடக்ஷன் லைன் இந்தோனேசியாவுக்குப் போவுதுன்னு சொல்லுங்க. செட்டியார் வீட்டுப் பொண்ணுக்குப் பேரம் பேசச் சொல்லித் தரணுமா லா?"

9 ஜூலை

சொன்னேன். எவ்வளவு நாகரிகமாக! "இரண்டாவது லைனைப் பாத்தாமுக்கு மாற்றுவது பற்றிப் பேச்சு இருக்கிறது." பேச்சு இருந்தது உண்மைதான் — எனக்கும் கமலநாதனுக்கும் இடையில், காப்பி மெஷின் பக்கத்தில்.

புஷ்பவள்ளி பேனாவை மூடினார். ஒரு வாரம் அவகாசம் கேட்டார்கள்.

11 ஜூலை

பொய் சொல்லவில்லை என்று இரண்டு நாளாக எனக்கே விளக்கிக்கொண்டிருக்கிறேன். உண்மைக்கு ஏன் இத்தனை விளக்கம்?

14 ஜூலை, திங்கள்

கருப்பாயி வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்திருக்கிறார். இரண்டாவது லைனில் இருபத்திரண்டு வருஷம். வயது ஐம்பத்து மூன்று. துப்புரவு வேலைக்கு, இதில் பாதிச் சம்பளத்துக்கு, இடம் பார்த்துவிட்டாராம். கூப்பிட்டுக் கேட்டேன்.

"லைனு போனா எல்லாரும் வேலை தேடி ஓடுவாங்க மிஸ். இந்த வயசுல என்னைய யாரு எடுப்பா? அதான் முந்திக்கிட்டேன்."

"லைன் போவுதுன்னு யாரு சொன்னது?"

"நீங்கதான மிஸ். வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."

அய்யோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்.

கடிதத்தை மேலே அனுப்பவில்லை. மேசை டிராயரில் இருக்கிறது.

16 ஜூலை

திருத்திச் சொல்லப் போகிறேன் என்று கமலநாதனிடம் கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"அலமாக், நாச்சி! ஜெயிச்ச ஆட்டத்த யாராச்சும் விட்டுக் குடுப்பாங்களா? அப்புறம் இந்த மேசையில உங்களுக்கு இடம் இருக்காது."

"இருக்க வேண்டாம்," என்றேன்.

கூட்டத்தில் சொன்னேன்: பாத்தாம் பற்றி முடிவும் இல்லை, திட்டமும் இல்லை. உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொன்னேன், அது தப்பு. இரண்டு பஸ் ஓடுகிறது, வருவது ஒரே பஸ்ஸில் அடங்கும் முப்பத்தெட்டு பேர்தான். எங்கள் உண்மையான பிரச்சினை அதுதான்.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். புஷ்பவள்ளி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"சிங்கப்பூருக்குப் போறது முப்பது பேரு இல்ல மிஸ். நாலு பேருதான். அதுல ஒருத்தன் இன்டர்வியூவுக்கே போவல."

அவர் ஆட்களே சிரித்துவிட்டார்கள். பிறகு பத்தே நிமிடம். இரண்டுக்குப் பதில் ஒரு பஸ், நேரம் மாறாது.

கருப்பாயியிடம் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "கிழிக்க மாட்டேன் மிஸ். நீங்க மறுபடியும் ஏதாச்சும் சொன்னா ஆவும்."

நியாயம்.

பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்து எத்தனை வருஷம் ஆகிறது?

4 ஆகஸ்ட்

பயிற்சிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சன்னல் இல்லாத அறை. வருத்தம் கொஞ்சம் உண்டு. வெட்கம் துளியும் இல்லை.

19 நவம்பர்

சம்பளப் பேச்சு தொடங்குகிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் ஹேமநாதன் யூனியனின் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். மூன்றாவது நிபந்தனை: நிர்வாகம் சொல்லும் ஒவ்வொன்றையும் எழுத்தில், கையெழுத்தோடு தர வேண்டும். திருமதி நாச்சியம்மை வந்து பேசினால் வாய்வார்த்தை போதும்.

"அவங்களுக்கு அப்படி என்ன மேடம் செஞ்சீங்க?"

"ஒரு பொய் சொன்னேன்," என்றேன். விழித்தார்.

இதுவும் ஒரு பேர உத்தியாக இருக்கலாம். புஷ்பவள்ளியை எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.